ஒளியை எத்தனையால் வகுப்பது?

மாதிரிப் படகு கட்டுவதில் பாதி வேலை வகுத்தல் கணக்குதான். அளவு 1:50 என்று முடிவு செய்துவிட்டால், 30 மீட்டர் நீளமுள்ள துறைமுக இழுவைப்படகு 60 சென்டிமீட்டர் ஆகிவிடும். 10 மீட்டர் கம்பம் 20 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பி 2 சென்டிமீட்டர். நீளத்தை 50-ஆல் வகுப்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கொஞ்சம் யோசித்தால் மற்றவையும் பிடிபடும். பரப்பு 50-இன் வர்க்கமான 2,500-ஆல் குறையும். எடை 50-இன் கனமான 1,25,000-ஆல் குறையும். 450 டன் படகின் மாதிரி 3.6 கிலோ இருந்தால்தான் அதன் நீர்க்கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அதைவிட லேசாக இருந்தால் தக்கைபோல மிதக்கும் என்பதால், ஈயத் துண்டுகளை அடியில் போட்டு எடையைச் சரிசெய்வார்கள்.

விளக்கை எத்தனையால் வகுப்பது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான் அழகான மாதிரிகள்கூட இருட்டியதும் சொதப்புகின்றன. பகலில், புகைப்படத்தில் பார்த்தால் நிஜப் படகோ என்று ஐயப்பட வைக்கிற ஒரு மாதிரி, விளக்கைப் போட்ட நொடியில் பொம்மையாகிவிடும். பக்க விளக்கு குளத்தின் கரைவரை சிவப்பை வாரி இறைக்கும். கம்பத்தின் உச்சியில் இருக்கும் வெள்ளை விளக்கைக் கண்ணால் நேரே பார்க்க முடியாது. ஃபைபர் கண்ணாடியால் செய்த உடல், உள்ளே கசியும் வெளிச்சத்தால் முழுவதும் மங்கலாக ஒளிரும். செய்தவரின் கைத்திறனில் ஒரு குறையும் இல்லை. அவர் எல்லாவற்றையும் வகுத்திருக்கிறார், ஒளியைத் தவிர. எல்இடியை எரிய வைப்பது பள்ளிப் பிள்ளைக்கும் எளிது. அதை அடக்கி வைப்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

முதலில் உண்மையான படகைப் பார்ப்போம். கப்பல் விளக்குகள் கப்பலில் இருப்பவர்கள் வெளிச்சம் பெறுவதற்காக ஏற்றப்படுபவை அல்ல. எதிரே வருகிறவர் படிப்பதற்காக ஏற்றப்படுபவை. 1972-இல் வகுக்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகள், எந்த விளக்கு எந்தத் திசையில் எத்தனை பாகை தெரிய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கின்றன. இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை. இரண்டும் நேர் முன்னாலிருந்து தொடங்கித் தத்தம் பக்கத்தில் 112.5 பாகை மட்டும் தெரிய வேண்டும். கம்பத்தில் இருக்கும் வெள்ளை விளக்கு முன்பக்கமாக 225 பாகை தெரியும். பின்புற வெள்ளை விளக்கு மீதமுள்ள 135 பாகையைப் பார்த்துக்கொள்ளும். கூட்டிப் பாருங்கள்: 225-உம் 135-உம் சேர்ந்து 360. ஒரு பக்க விளக்கு மறையும் கோட்டில்தான் பின் விளக்கு தோன்றும். இடைவெளியும் இல்லை, மேற்பொருந்தலும் இல்லை.

அது என்ன அரை பாகைக் கணக்கு என்று தோன்றலாம். பழைய மாலுமிகளின் திசைகாட்டி வட்டத்தை 32 ஆகப் பிரித்தது. ஒரு பிரிவு 11.25 பாகை. பத்துப் பிரிவுகள் 112.5, இருபது பிரிவுகள் 225, பன்னிரண்டு பிரிவுகள் 135. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் 1848-இல் நீராவிக் கப்பல்களுக்குச் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகளைக் கட்டாயமாக்கியபோது கப்பலோட்டிகள் பாகையில் பேசவில்லை, பிரிவுகளில் பேசினார்கள். அந்தத் திசைகாட்டிகள் காட்சிசாலைக்குப் போன பிறகும் அவற்றின் எண்ணிக்கை விதிப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கோணங்களால் என்ன பயன்? நள்ளிரவில் எதிரே சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் அந்தக் கப்பல் நேரே உங்களை நோக்கி வருகிறது. உங்கள் வலப்பக்கத்தில் சிவப்பு மட்டும் தெரிந்தால் அது உங்கள் பாதையைக் குறுக்கே கடக்கிறது, வழிவிட வேண்டியது நீங்கள். தனி வெள்ளை என்றால் நீங்கள் அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கலாம். கப்பலின் உடல் கண்ணுக்குத் தெரியவே தேவையில்லை. ஆகவே மாதிரிப் படகில் ஒரு சாதாரண எல்இடியைச் சொருகி எல்லாப் பக்கமும் சிவப்பு தெரியும்படி விட்டுவிட்டால், அது தவறான செய்தி சொல்லும் விளக்கு. விதிப்படி பார்த்தால் அணைந்த விளக்கைவிட மோசம்.

பிரகாசத்துக்கு வருவோம். அளவு 50 மடங்கு குறைந்தால் பிரகாசம் எத்தனை மடங்கு குறைய வேண்டும்?

உண்மையான படகை 250 மீட்டர் தூரத்தில் நின்று பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காட்சி வேண்டுமானால் 1:50 மாதிரியை 5 மீட்டர் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டும் கண்ணில் ஒரே அளவாகத் தெரியும். விளக்கும் ஒரே பிரகாசமாகத் தெரிய வேண்டுமென்றால் கண்ணை வந்தடையும் ஒளி சமமாக இருக்க வேண்டும். விளக்கிலிருந்து விலக விலக ஒளி தூரத்தின் வர்க்கத்தால் குறைகிறது. நாம் 50 மடங்கு கிட்டே வந்திருக்கிறோம். அதனால் விளக்கு 2,500 மடங்கு மங்கலாக இருந்தால்தான் கணக்கு நேராகும். ஒளியும் பரப்பைப் போலவே வகுபட வேண்டியது.

2,500-ஆல் வகுக்க மூல எண் வேண்டுமே? அதையும் விதிகளே தருகின்றன. 30 மீட்டர் இழுவைப்படகின் பக்க விளக்கு குறைந்தது 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும், கம்ப விளக்கு 5 கடல் மைல். 'தெரிய வேண்டும்' என்பதை எண்ணாக்கும் சூத்திரம் விதிகளின் இணைப்பில் இருக்கிறது. அதன்படி 2 மைலுக்கு 4.3 கேண்டெலா, 5 மைலுக்கு 52 கேண்டெலா. ஒரு கேண்டெலா என்பது ஏறக்குறைய ஒரு மெழுகுவர்த்தி. ஒரு மைலுக்கு விதி கேட்பது 0.9 கேண்டெலாதான், ஒரு முழு மெழுகுவர்த்திகூட இல்லை!

இந்தச் சூத்திரத்தின் அடியில் ஓர் அழகான எண் ஒளிந்திருக்கிறது. இருளுக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு புள்ளி விளக்கு தெரிய, அதிலிருந்து ஒரு லக்ஸின் கோடிப் பங்கில் இரண்டு, அதாவது 0.0000002 லக்ஸ், வந்து சேர்ந்தால் போதும் என்று அது எடுத்துக்கொள்கிறது. துருவ நட்சத்திரத்திடமிருந்து நமக்கு வந்து சேரும் ஒளியில் அது ஏறக்குறைய பாதி. எல்லைத் தூரத்தில் இருக்கும் ஒரு கப்பலின் விளக்கு, மாலுமிக்கு வானத்தின் ஒரு மங்கலான நட்சத்திரம் அளவே தெரியும். அதைத் தேடிப் பிடிக்கும் வேலையை விதிகள் காவல் நிற்பவரின் கண்ணிடம் விட்டுவிடுகின்றன.

இனி வகுத்தல். பக்க விளக்கு: 4.3-ஐ 2,500-ஆல் வகுத்தால் 0.0017 கேண்டெலா, அதாவது 1.7 மில்லிகேண்டெலா. கம்ப விளக்கு: 52-ஐ வகுத்தால் சுமார் 21 மில்லிகேண்டெலா. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பளிச்சென்று எரியும் 5 மில்லிமீட்டர் எல்இடி கேட்டால் கிடைப்பதன் பிரகாசம் பல ஆயிரம் மில்லிகேண்டெலா. நமக்குத் தேவை இரண்டுக்கும் குறைவு. கடைக்காரர் "இன்னும் பிரைட்டா இருக்குண்ணே" என்று எடுத்து வைக்கும் ஒவ்வொன்றும் நம்மை இன்னும் தள்ளிக்கொண்டு போகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1970-களில் கால்குலேட்டர்களிலும் கருவி முகப்புகளிலும் ஒளிர்ந்த அந்தக்கால மங்கலான சிவப்பு எல்இடிகள் சில மில்லிகேண்டெலா அளவே தந்தன. மாதிரிப் படகின் பக்க விளக்குக்கு அவைதான் இயல்பாகவே சரியான அளவு. தொழில்நுட்பம் முன்னேறியதில் இந்தப் பொழுதுபோக்குக்கு மட்டும் கொஞ்சம் நட்டம்.

ஆனால் எல்லா விளக்கையும் மங்கலாக்கிவிடாதீர்கள். இழுவைப்படகின் பின்தளத்தைப் பகலாக்கும் ஃபிளட்லைட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 லூமன் தரும் ஒன்றை 2,500-ஆல் வகுத்தால் 4 லூமன். ஒரு சிறிய வெள்ளை எல்இடி 20 மில்லியாம்பியரில் முழு மூச்சாக எரிந்தால்தான் அந்த அளவு ஒளி வரும். அதாவது ஒரே படகில் தள விளக்குகள் முழு வேகத்திலும் பக்க விளக்குகள் நூறில் இரண்டு பங்குக்கும் குறைவான வேகத்திலும் எரிய வேண்டும். கடைகளில் விற்கும் ஆயத்த விளக்குத் தொகுப்புகளில் எல்லா எல்இடிக்கும் ஒரே ரெசிஸ்டரைப் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தத் தொகுப்பைப் பொருத்திய படகு ஏன் பொம்மையாகத் தெரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

எப்படி மங்கலாக்குவது? இங்கே ஒரு தடை வருகிறது. படகை எத்தனை மடங்கு சுருக்கினாலும் வோல்டேஜ் சுருங்காது. எலெக்ட்ரானுக்கு நம் அளவுகோல் தெரியாது.

எல்இடி என்பது இரண்டு வகைக் குறைகடத்திகள் சந்திக்கும் ஒரு விளிம்பு. ஒரு பக்கத்திலிருந்து வரும் எலெக்ட்ரான் மறுபக்கத்தில் உள்ள வெற்றிடத்தில் விழும்போது, விழுந்த உயரத்துக்கு ஏற்ற ஆற்றல் ஒரு ஒளித்துகளாக வெளியேறுகிறது. உயரம் எவ்வளவு என்பதைப் பொருளின் வேதியியல் தீர்மானிக்கிறது. சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2 எலெக்ட்ரான்வோல்ட், நீலத்துக்கு 2.7. சிவப்பு எல்இடி எரிய ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். விளக்கின் நிறமே அதன் மின்சாரத் தேவையைச் சொல்லிவிடுகிறது. இழை விளக்கில் இப்படி ஒரு உறவு கிடையாது.

அடுத்த சிக்கல், எல்இடியின் பேராசை. அந்த 2 வோல்ட்டை நெருங்கும்வரை அது ஏறக்குறைய மின்சாரத்தையே விடாது. அதைத் தாண்டியதும் ஒவ்வொரு சிறு உயர்வுக்கும் மின்னோட்டம் பல மடங்காகப் பெருகும். கட்டுப்படுத்த ஒருவர் நடுவில் இல்லாவிட்டால் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். அந்த நடுவர் ரெசிஸ்டர். படகில் நிக்கல் மின்கலம் ஆறு அடுக்கிய 7.2 வோல்ட் பேட்டரி இருக்கிறது என்று வையுங்கள். சிவப்பு எல்இடி சுமார் 1.8 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 5.4 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 120 பாகைக்கு விரியும் ஒரு சிறு சிவப்பு எல்இடி 20 மில்லியாம்பியரில் 100 மில்லிகேண்டெலா தருமென்றால், நமக்கு வேண்டிய 1.7-க்கு மின்னோட்டம் சுமார் 0.3 மில்லியாம்பியர் போதும். 5.4-ஐ 0.0003-ஆல் வகுங்கள்: 18,000 ஓம். கடையில் 18 கிலோ ஓம் என்று கேட்டால் கிடைக்கும். புத்தகங்களில் எல்இடிக்கு 330, 470 என்று படித்துப் பழகியவர்களுக்கு இது தட்டச்சுப் பிழைபோலத் தோன்றும். பிழையில்லை. பச்சை எல்இடி இதைவிடப் பிரகாசம் என்பதால் 68 கிலோ ஓம் வரைகூடப் போக வேண்டியிருக்கும்.

காகிதக் கணக்கு இதுவரைதான் வரும். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் ஒரே பொட்டலத்தில் வந்த இரண்டு எல்இடிகள்கூட ஒரே மாதிரி எரியாது. அதனால் 100 கிலோ ஓம் திருகு ரெசிஸ்டர் ஒன்றை, பாதுகாப்புக்கு ஒரு 470 ஓமுடன் சேர்த்து இணைத்து, இருட்டறையில் 5 மீட்டர் தள்ளி நின்று ஒருவரைத் திருகச் சொல்லுங்கள். கண்ணுக்குச் சரி என்று பட்டதும் மல்டிமீட்டரால் ஓமை அளந்து, அதற்கு அருகிலுள்ள ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடலாம். பூங்கா விளக்குகள் சூழ்ந்த குளத்தில் ஓட்டுவதாக இருந்தால் கணக்கைவிட நான்கைந்து மடங்கு பிரகாசம் வைப்பதில் தவறில்லை. கடலின் இருட்டு நமக்கு அங்கே கிடைக்கப்போவதில்லை.

இந்த இடத்தில் பலர் செய்யும் சிக்கனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா எல்இடிகளையும் பக்கம் பக்கமாக இணைத்து, பொதுவாக ஒரே ஒரு ரெசிஸ்டர் போடுவது. சிவப்பும் வெள்ளையும் அப்படி இணைந்தால் சிவப்பு மட்டும் எரியும், வெள்ளை கருத்துக் கிடக்கும். சிவப்பு தன் 1.8 வோல்ட்டிலேயே கதவைத் திறந்துவிடுகிறது. வோல்டேஜ் அதற்கு மேல் ஏற வழியில்லை. 2.7 வோல்ட்டுக்குக் காத்திருக்கும் வெள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. தொடராக இணைப்பதும் பேட்டரிப் படகில் உதவாது. இரண்டு வெள்ளை தொடராக வந்தால் 6 வோல்ட் அவற்றுக்கே போய்விடும். இரண்டு லித்தியம் கலங்கள் கொண்ட பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது 8.4 வோல்ட், ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.4. ஓட ஓட பேட்டரி 6.4-க்கு இறங்கினால் மிஞ்சுவது 0.4. மின்னோட்டம் ஆறில் ஒன்றாகிவிடும். மோட்டாரை முடுக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு மங்கி மங்கி எரியும் படகுகளின் ரகசியம் இதுதான். ஓர் எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் என்பதைத் தவிர வேறு குறுக்குவழி தேடாதீர்கள். ஒரு ரூபாய் பொருள் அது.

நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1907-இல் ஹென்றி ரவுண்ட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் சிலிக்கான் கார்பைடு படிகத்தில் மின்சாரம் பாய்ச்சியபோது மஞ்சள் ஒளி கிளம்பியதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962-இல் நிக் ஹோலோன்யாக் செய்தார். அதற்குப் பிறகு மஞ்சளும் மஞ்சள் கலந்த பச்சையும் வந்தன. நல்ல பிரகாசமான நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்று நாம் பயன்படுத்தும் வெள்ளை எல்இடி உண்மையில் மஞ்சளாக ஒளிரும் ஒரு பொடியைப் பூசிய நீல எல்இடி.

படகுக்காரருக்கு இதில் தலைவலி பச்சைதான். கப்பலின் வலப்புற விளக்கு புல்லின் பச்சை இல்லை. நீலம் தோய்ந்த பச்சை. முன்பு அங்கே எரிந்த மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் மஞ்சள். அதன் முன்னால் நீலப்பச்சைக் கண்ணாடி வைத்தால்தான் வெளியே வருவது பச்சையாகத் தெரியும். விதிகள் இன்றும் பச்சையை அந்த நீலப் பக்கத்திலேயே வரையறுத்திருக்கின்றன. மலிவான பழைய ரக எல்இடி 570 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சள் கலந்து எரியும். தொலைவிலிருந்து பார்த்தால் மஞ்சள் விளக்கோ என்று மயங்கலாம். 525 தேவலாம். 505 நானோமீட்டர் கிடைத்தால் அதுவே சரி.

சிவப்பையும் பச்சையையும் சமப்படுத்தும்போது நேரத்தையும் கவனிக்க வேண்டும். 1819-இல் செக் நாட்டு உடலியல் அறிஞர் பூர்க்கின்யே, மங்கிய வெளிச்சத்தில் சிவப்புப் பூக்கள் கருத்துப்போவதையும் நீலமும் பச்சையும் துலங்குவதையும் கவனித்தார். பகலில் நம் கண்ணின் கூர்மை 555 நானோமீட்டரில் உச்சம் தொடும். இருட்டில் அந்த உச்சம் 507-க்கு நகர்கிறது. பட்டறையின் டியூப்லைட் வெளிச்சத்தில் சமமாக வைத்த இரண்டு விளக்குகளில், அந்தியில் கடைக்கண்ணால் பார்க்கும்போது பச்சை எடுப்பாகவும் சிவப்பு சோர்ந்தும் தெரியும். திருகு ரெசிஸ்டரைக் குளக்கரைக்கே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

பழைய கப்பல் மாதிரி செய்கிறவர்களுக்கு இன்னொரு கவனம். 1880-இல் எடிசனின் மின்விளக்குகள் ஏறிய கொலம்பியா என்ற நீராவிக் கப்பல் தொடங்கி, இழை விளக்குக் காலம் முழுவதும் கேபின் ஒளி மஞ்சளாகவே இருந்தது. அந்தக்காலக் கப்பலின் சன்னல்களில் நீலம் பாய்ந்த வெள்ளை எல்இடியை வைப்பது பாய்மரக் கப்பலில் செல்பேசிக் கோபுரம் நடுவதற்குச் சமம். 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் போதாவிட்டால் முனையில் ஆரஞ்சு நிறக் கண்ணாடிப் பெயின்டை லேசாகத் தொட்டு வைக்கலாம்.

சுருங்காதவற்றில் வோல்டேஜுக்கு அடுத்தது கோணம். 112.5 பாகை எந்த அளவிலும் 112.5 பாகைதான். கோணத்தை வெட்டுவது மறைப்புப் பலகை. உண்மையான படகில் பக்க விளக்கின் உட்புறம் மங்கல் கறுப்பு பூசிய ஒரு பலகை முன்னோக்கி நீண்டிருக்கும். விளக்கு, தன் எல்லைக்கு அப்பால் 1 முதல் 3 பாகைக்குள் மறைந்துவிட வேண்டும் என்கிறது விதி. அந்த வெட்டு எவ்வளவு கூர்மையாக அமையும் என்பது விளக்கின் அகலத்தையும் பலகையின் நீளத்தையும் பொறுத்தது. 90 சென்டிமீட்டர் பலகை, ஒரு சென்டிமீட்டர் அகல இழை என்றால் மங்கும் விளிம்பு அரைப் பாகைக்குச் சற்று மேல். மாதிரியில் பலகை 18 மில்லிமீட்டர். அதில் 3 மில்லிமீட்டர் எல்இடியை வெளிச்சம் பரவட்டும் என்று மணல்தாளால் தேய்த்துவிட்டால், அதன் முழு முகப்பும் ஒளிமூலமாகிறது. விளிம்பு 9 பாகைக்கு மேல் மங்கும். நேர் முன்னால் நின்று கொஞ்சம் விலகினாலும் இரண்டு நிறமும் சேர்ந்தே தெரியும். 1.6 மில்லிமீட்டர் நீளமுள்ள, 0603 என்ற எண்ணால் கடைகளில் வழங்கும் சிறு எல்இடியில் உண்மையில் ஒளிரும் சில்லு கால் மில்லிமீட்டர் அளவே. அதைத் தெளிவாக, தேய்க்காமல் வைத்தால் விளிம்பு ஒரு பாகைக்குள் வந்துவிடும். கேபினுக்கு ஒளியைப் பரப்ப எல்இடியைத் தேய்க்கலாம். பக்க விளக்குக்கு அதே தேய்ப்பு கேடு. கம்ப விளக்குக்குப் பித்தளைக் குழாய்த் துண்டை எடுத்து, சுற்றளவில் எட்டில் ஐந்து பங்கை அரத்தால் அராவித் திறந்துவிட்டால் 225 பாகை தானாகக் கிடைக்கும்.

அடக்க வேண்டியது கசிவையும்தான். பிளாஸ்டிக்கும் ஃபைபர் கண்ணாடியும் கண்ணுக்குத் திண்மமாகத் தெரிந்தாலும் ஒளியைத் தடுப்பதில்லை. கேபினின் உட்புறம் முதலில் கறுப்பு, அது காய்ந்ததும் மேலே வெள்ளை. கறுப்பு கசிவை நிறுத்தும், வெள்ளை உள்ளே ஒளியைச் சிதறடிக்கும். இதைக் கூரை ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். சன்னல் பக்கத்தில் உடனடியாக ஒட்டும் சூப்பர் பசையைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படியும்.

ஒயர்கள் பற்றிச் சுருக்கமாக. சாதாரண பிளாஸ்டிக் உறை ஒயர் ஒரு மில்லிமீட்டர் தடிமன்; 1:50-இல் அது கம்பத்தில் ஏறும் 5 சென்டிமீட்டர் குழாய்போலத் தெரியும். மோட்டார் சுற்றுக் கடைகளில் கிடைக்கும் எனாமல் பூசிய 0.2 மில்லிமீட்டர் செப்புக் கம்பி ஒரு சென்டிமீட்டர் கேபிளாகத் தெரியும், அதாவது இயல்பாக. மீட்டருக்கு அரை ஓம் அளவு தடை இருக்கும். நாம் அனுப்பும் மின்னோட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கம்பம் பித்தளைக் குழாயாக இருந்தால் அதையே பொது எதிர்முனையாக வைத்துக்கொள்ளலாம். அப்போது விளக்குக்கு ஒரே ஒரு கம்பி உள்ளே ஏறினால் போதும்.

தண்ணீர் வேலையைக் காட்டுவது சாலிடர் முனைகளில். படகுக்குள் சில சொட்டுத் தண்ணீர் எப்போதும் வந்துசேரும். நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே ஈரம் படிந்தால் அது ஒரு மின்பகுப்புக் கலமாகிவிடும். நேர்முனைச் செம்பு அயனி அயனியாகக் கரைந்து போகும்; பச்சைப் பொடி பூத்த முனை அதன் அடையாளம். மெல்லிய எனாமல் கம்பியில் கீறல் விழுந்த இடம் இப்படித்தான் அறுந்துபோகிறது. உப்புநீர் என்றால் வேகம் இன்னும் கூடும். ஒவ்வொரு முனையையும் வார்னிஷ் பூசி, ஹீட் ஷ்ரிங்க் உறையால் மூடி, ரெசிஸ்டர்கள் அடங்கிய சிறு பலகையைத் தளத்தின் அடிப்புறத்தில், நீர் தேங்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவிட வேண்டும். கரைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டால் மின்பகுப்பும் நின்றுவிடும்.

கடைசியாக சுவிட்சுகள். விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் கட்டினால் இழுவைப்படகு எந்த நிலையிலும் சரியான செய்தி சொல்லாது. தனியாக ஓடும்போது கம்பத்தில் ஒரு வெள்ளை போதும். பின்னால் கயிறு கட்டி இழுக்கும்போது கம்பத்தில் நேர்க்கோட்டில் இரண்டு வெள்ளை, பின்புறம் வெள்ளை விளக்குக்கு மேலே மஞ்சள் இழுவை விளக்கு. கப்பலைப் பக்கத்தில் அணைத்தோ முன்னால் வைத்துத் தள்ளியோ கொண்டுபோனால் இரண்டு வெள்ளை உண்டு, மஞ்சள் கிடையாது. நங்கூரமிட்டுவிட்டால் பக்க விளக்குகளை அணைத்துவிட்டுச் சுற்றிலும் தெரியும் ஒற்றை வெள்ளையை ஏற்ற வேண்டும். கம்பத்தில் அடுத்தடுத்த வெள்ளைகளுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி வேண்டும். மாதிரியில் 4 சென்டிமீட்டர். விளக்கைச் சரியாக மங்கலாக்கியிருந்தால் 5 மீட்டர் தூரத்தில் அவை தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். இல்லாவிட்டால் கண்கூச்சத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும், இரண்டா மூன்றா என்று எண்ண முடியாது. எண்ணிக்கை இங்கே முக்கியம். இழுவைப்படகின் பின்முனையிலிருந்து இழுக்கப்படும் கலத்தின் பின்முனைவரை நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் மூன்றாவது வெள்ளையும் ஏற வேண்டும் என்பது விதி. 1:50-இல் அது 4 மீட்டர். உங்கள் படகு குளத்தில் இன்னொரு மாதிரியை இழுத்துப் போகும்போது கயிறும் அந்தக் கலமும் சேர்ந்து 4 மீட்டருக்குள் இருந்தால் இரண்டு விளக்கு, அதற்கு மேல் போனால் மூன்று.